யாருடைய பிறந்தநாள்?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் பிறந்தநாள் விழாக்களைப் பற்றித் தாயகத்திலிருந்து எழுதுவோர் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டையே திரும்பத் திரும்பச் சுமத்தி வருகின்றனர். கேக் வெட்டுவது அந்நியப் பழக்கம். விளக்கை ஏற்ற வேண்டிய கைகள் மெழுகுதிரியை ஊதி அணைக்கின்றன. ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடிக் கைதட்டுவது மேலைநாட்டு மோகம் என்பதே அக்குற்றச்சாட்டு. இதைப் படிக்கும் புலம்பெயர்ந்த தகப்பன் என்ன செய்கிறார்? அடுத்த விழாவில் வாசலில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றி, மகனுக்குப் பட்டு வேட்டி உடுத்தி, ஆலாத்தி எடுத்துவிட்டு, அதன்பின் கேக்கையும் வெட்டுகிறார். குற்றம் சாட்டியவருக்கும் திருப்தி, சாட்டப்பட்டவருக்கும் திருப்தி. செலவு மட்டும் சற்றுக் கூடியிருக்கும்.

இந்தச் சண்டை இருதரப்பினருக்கும் வசதியானது. யாருக்கும் இதில் எதுவும் குறைவதில்லை. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை. நீண்ட காலமாக ஜேர்மனியில் வாழ்பவன் என்ற வகையில் எனக்குள்ள முறைப்பாடு வேறு. அது இதைவிடப் பாரமானது. எமது மண்டபப் பிறந்தநாள் மேலைநாட்டிலிருந்து வந்ததே அன்று. அதை முழுக்க முழுக்க நாமே உருவாக்கினோம். உருவாக்கும்போது, எந்தப் பிள்ளைக்காக உருவாக்கினோமோ அந்தப் பிள்ளையை அதிலிருந்து அகற்றிவிட்டோம்.

முதலில் அந்த 'மேலைநாடு' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம். கேக்கில் வயதுக்கொரு மெழுகுதிரி ஏற்றியதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று நான் வாழும் ஜேர்மன் மண்ணுக்கே உரியது. மொறேவியச் சபையின் தலைவராயிருந்த சின்சென்டோர்ப் பிரபுவின் பிறந்தநாளை 1746ஆம் ஆண்டு கொண்டாடியபோது, அடுப்பு கொள்ளுமளவு பெரிய கேக் ஒன்று செய்து, அவருடைய வயதின் எண்ணிக்கைக்கேற்ப அதில் துளையிட்டு மெழுகுதிரிகளை நட்டனர் என அக்காலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அதே நாட்டின் கத்தோலிக்கப் பகுதிகளான பவேரியாவிலும் றைன் நதிப் பிரதேசத்திலும், இருபதாம் நூற்றாண்டில் வெகுதூரம் வரும்வரை, பிறந்தநாளைவிடப் பெயர்த் திருநாளே பெரிதாகக் கொண்டாடப்பட்டது. அந்தோனி என்ற பெயருடையவருக்கு ஜூன் 13, யோசேப்பு என்ற பெயருடையவருக்கு மார்ச் 19. பிறந்தநாள் கொண்டாடுவது சீர்திருத்தச் சபையினரின் வழக்கம் என்றே பலர் எண்ணியிருந்தனர். (எண்சாத்திரம் பார்த்து, எந்தப் புனிதருக்கும் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்துக்களால் இன்று நாம் இடும் பெயர்களுக்குத் திருநாள் தேடுவது அந்தப் புனிதர்களாலும் ஆகாத காரியம்.)

இன்னும் பின்னே சென்றால், மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் பிறந்தநாள் விழாவையே ஐயத்தோடு நோக்கினார். திருநூலில் பிறந்தநாளுக்கு விருந்து வைத்தவர்கள் என அவர் கண்டது பார்வோனையும் ஏரோதையுமே. ஒருவனின் விருந்தன்று அப்பம் சுடுவோரின் தலைவன் கழுமரம் ஏறினான். மற்றவனின் விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. புனிதர்களுக்குத் திருச்சபை கொண்டாடும் 'பிறந்தநாள்' அவர்கள் இறந்த நாளே. வழிபாட்டு நாட்காட்டியில் இவ்வுலகப் பிறப்பு விழாக்களாக இருப்பவை ஆண்டவருடையதும், அன்னை மரியாளுடையதும், திருமுழுக்கு யோவானுடையதுமாகிய மூன்று மட்டுமே. ஆங்கிலப் பாட்டின் கதையும் பழம்பெருமை வாய்ந்ததன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இரு சகோதரிகள் மழலையர் பள்ளிக்கென 1893இல் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது; பிறந்தநாள் சொற்கள் அதில் பின்னர் ஏறியவை. ஆகவே மேலைநாடு என்று கட்டிப்பிடித்துப் பின்பற்றுவதற்கோ, காறி உமிழ்வதற்கோ ஒரே வழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை.

கேக்கும் எங்களுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்கும் முதல்நன்மைக்கும் கேக் இருந்தது. பிறந்தநாளன்று புதுச்சட்டை உடுத்தி, காலைப் பூசைக்குப் போய், வகுப்பில் எல்லோருக்கும் ரொபி கொடுத்து, வீட்டில் பாயாசமோ கேக்கோ உண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அயலிலுள்ள சைவ வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் கோயிலில் அர்ச்சனை நடக்கும். அந்தச் சிறிய கொண்டாட்டத்தில் எவரும் எதையும் இழக்கவில்லை.

சரி, இன்றைய ஜேர்மன் குடும்பம் தன் பிள்ளையின் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுகிறது? இதை எம்மவர் பலர் கண்ணால் கண்டதில்லை என்பதே எனக்கு வியப்பு. நாற்பது ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் எப்படி நடக்கிறது என அறியாமலிருக்கிறோம்.

அது பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு முடியும். அழைப்பு அட்டையில் தொடக்க நேரத்தோடு முடியும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். எத்தனை பிள்ளைகளை அழைப்பது என்பதற்கு அங்கே பெற்றோரிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: பிள்ளைக்கு எத்தனை வயதாகிறதோ அத்தனை விருந்தினர். ஆறு வயதுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரையும் தெரிவு செய்பவள் பிள்ளையே, தாயல்ல. தாய் வீட்டில் சுட்ட கேக், சற்றே சரிந்திருந்தாலும், மேசைக்கு வரும். பின் விளையாட்டு. அதில் ஒன்று பானை தேடுதல்: பிள்ளையின் கண்ணைக் கட்டிக் கையில் மரக்கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அது நிலத்தில் தவழ்ந்து, கரண்டியால் தட்டித் தட்டி, கவிழ்த்து வைத்த பானையைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் 'சூடு', 'குளிர்' என்று கத்தி வழிகாட்டுவார்கள். பானையின் அடியில் ஓர் இனிப்பு இருக்கும். எங்கள் ஊர்ப் புத்தாண்டு விளையாட்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எமது முட்டி உடையும், அவர்களுடைய பானை உடைவதில்லை, அவ்வளவே. ஆறு மணிக்குப் பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வர். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சிறு பொதி ஒன்று இருக்கும். நோர்வேயில் பள்ளிகளே இன்னொரு நெறியை எதிர்பார்க்கின்றன: அழைத்தால் முழு வகுப்பையும் அழை, அல்லது பெண்பிள்ளைகள் எல்லோரையும் அழை, அல்லது ஆண்பிள்ளைகள் எல்லோரையும் அழை, எந்தப் பிள்ளையும் தனித்து விடுபடக் கூடாது.

இனி எமது மண்டபத்துக்கு வருவோம். அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்றிருக்கும். ஏழரைக்கு முதற் கார் வந்து நிற்கும். மண்டபத்தின் முகப்பில் மணவறைக்குச் சமமான அலங்காரம், நடுவே சிம்மாசனம். பிள்ளை ஊர்தியிலோ தேரிலோ அழைத்துவரப்படும். வானில் பறக்கும் படக்கருவி அதைப் பதிவு செய்யும். அதன்பின் படப்பிடிப்பாளரின் ஆட்சி தொடங்கும். 'அப்பா கொஞ்சம் கிட்ட வாங்கோ, அம்மா பிள்ளையைப் பாருங்கோ, பிள்ளை சிரியுங்கோ.' குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து, சிம்மாசனத்தின் அருகே நின்று, என்வலப்பைக் கொடுத்துவிட்டு இறங்குவர். கேக் வெட்டும் வேளையில் ஐந்து வயதுப் பிள்ளையின் நித்திரை நேரம் கடந்து இரண்டு மணியாகியிருக்கும். இந்த ஒழுங்கில் எது மேலைநாட்டினது? எந்த ஜேர்மன் குடும்பம் இப்படிச் செய்கிறது? இது எங்கள் கலியாண வீடு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் அமர வேண்டிய இடத்தில் பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்றை அமர்த்தியிருக்கிறோம்.

நாளைக்கூட நாம் பிள்ளைக்கு விட்டுவைப்பதில்லை. கார்த்திகையில் பிறந்த பிள்ளையின் விழா மாசியில் நடக்கும். அப்போதுதான் மண்டபம் கிடைத்தது, அப்போதுதான் லண்டன் மாமாவுக்கு லீவு. ஜேர்மானியரிடையே ஒரு நம்பிக்கை உண்டு: பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாகக்கூட வாழ்த்தக் கூடாது, அது அபசகுனம். இராகுகாலம் பார்த்தே வீட்டை விட்டுப் புறப்படும் நாம் அதைக் கேட்டுச் சிரிக்க உரிமையற்றவர்கள். அந்த நம்பிக்கைக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த நாள் அந்தப் பிள்ளையினது. அதை நகர்த்த எவருக்கும் அதிகாரமில்லை.

ஆண்டுதோறும் பாடசாலைகளில் நடக்கும் பெற்றோர் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பு உதவிக்காக நான் செல்வதுண்டு. ரூர் பிரதேசத்து நகரொன்றில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாயோடு அமர்ந்திருந்தேன். கணக்கு, வாசிப்பு எல்லாம் நன்று என்ற ஆசிரியை சற்றுத் தயங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னார். இந்தப் பிள்ளையை வகுப்பிலுள்ளவர்கள் தம் பிறந்தநாட்களுக்கு அழைத்து வந்தார்கள். இவள் ஒருநாளும் எவரையும் அழைத்ததில்லை. இவ்வாண்டு அழைப்புகள் நின்றுவிட்டன. இடைவேளையில் சுவரோரமாக நிற்கிறாள். நான் மொழிபெயர்த்தேன். தாயின் முகம் வாடியது. என் பக்கம் திரும்பி, 'அண்ணை, போன முறை ஹோல் எடுத்துத்தான் செய்தனாங்கள். இந்த முறை இவருக்கு வேலை இல்லை. ஹோல் எடுக்காமல் எப்பிடிப் பிள்ளையளைக் கூப்பிடுறது?' என்றார்.

அதை ஜேர்மன் மொழியில் சொன்னபோது ஆசிரியைக்கு விளங்கவில்லை. நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என எண்ணி, 'மண்டபமா?' என்று மீண்டும் கேட்டார். நானும் மீண்டும் சொன்னேன். 'மண்டபம் எதற்கு? நாலு பிள்ளைகள், ஒரு கேக்' என்றார் அவர். போன ஆண்டு மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வெளியே வந்தபின் தாயிடம் விசாரித்தேன். இருநூறுக்குக் குறையாது என்றார். வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருவருமில்லை. 'எங்கட ஆக்களே இருநூறு பேர் அண்ணை, பிறகு அவையை எங்கை இருத்துறது?'

இந்தத் தாயை எவரும் பழிக்க வேண்டாம். ஒரு பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைக்க மண்டபம் வேண்டும் என்று அவருக்குக் கற்பித்தது யார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டபங்களை நிரப்பும் நாம்தாம். ஒருவர் ஐம்பது பேருக்குச் செய்தால் அடுத்தவர் நூறு பேருக்கு. முதலாம் பிறந்தநாளுக்குச் செய்தவர் ஐந்தாவதுக்குச் செய்யாமல் விட்டால், 'என்ன, கஷ்டமாமே?' என்று தொலைபேசியில் விசாரிப்பு. இந்தப் போட்டியில் தோற்றவர்களின் பிள்ளைகள் இடைவேளையில் சுவரோரம் நிற்கின்றனர்.

பணத்தையும் பேசத்தான் வேண்டும். மண்டபம், உணவு, அலங்காரம், படப்பிடிப்பு எல்லாம் சேர்த்து ஆறாயிரம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். விழா நடத்தியவர்கள் இத்தொகையைக் கேட்டுச் சிரிக்கலாம், சிரிக்கட்டும். ஜேர்மனியில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. உணவகச் சமையலறையிலோ துப்புரவுப் பணியிலோ அந்த ஊதியம் பெறும் தகப்பன், வரி கழிப்பதற்கு முன்பே, 468 மணித்தியாலங்கள் உழைக்க வேண்டும். வாரத்துக்கு நாற்பது மணி என்றால் ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம். இன்னொரு விதமாகப் பாருங்கள். பிள்ளையை வளர்ப்பதற்கென்று அரசு கொடுக்கும் உதவித்தொகை அதே ஆண்டில் மாதம் 255 யூரோ. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு அந்தப் பிள்ளையின் பேரில் வந்த பணம் ஓர் இரவில் முடிகிறது. அந்தப் பன்னிரண்டு வாரமும் தகப்பன் இரண்டாவது வேலைக்குப் போனதால் பிள்ளையோடு உண்ணாத இரவுணவுகளை எந்த நாணயத்தில் எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செலவில் பெரும்பகுதி என்வலப்பில் திரும்பி வந்துவிடும் என்பார்கள். உண்மைதான், வரும். அதுதான் இதன் உள்ளிரகசியம். வந்த தொகைகள் கொப்பியொன்றில் பெயரோடு எழுதப்படுகின்றன; அடுத்த முறை அவர்கள் வீட்டு விழாவுக்கு அந்தத் தொகையோ அதற்குச் சற்று மேலோ போக வேண்டும். இதற்குச் சீட்டு என்று பெயர். சீட்டுப் பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை; வங்கிகள் எம்மை வாசலிலேயே நிறுத்திய காலத்தில் எத்தனையோ குடும்பங்களைச் சீட்டுத்தான் கரையேற்றியது. ஆனால் சீட்டுக்குச் சிம்மாசனம் எதற்கு? பிள்ளைப் பாக்கியம் இல்லாதவர் இந்தக் கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்குத் திரும்பி வரும் நாளில்லை. நேற்று வந்து அகதி முகாமில் காத்திருப்பவர், என்வலப்புக்கு வழியில்லாததால், 'சுகமில்லை' என்று சொல்லி வராமல் விடுகிறார். அவரையே நாம் முதலில் அழைத்திருக்க வேண்டும்.

இனி, மண்டபத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. நாம் ஊரிழந்தவர்கள். 1983க்குப் பின் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குக் கடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். வந்தபின் அகதி விடுதியில் ஓர் அறையில் பலர். வேலை செய்ய அனுமதியில்லை. குறித்த மாவட்டத்தின் எல்லையைக் கடந்து போக அலுவலகத்தில் தனி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அடுத்த நகரில் தம்பியின் கலியாணம் என்றாலும் அப்படித்தான். அப்படி அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு மண்டபத்தில் இருநூறு பேர் கூடுவதே ஒரு விடுதலை. பரிசிலிருந்து பெரியம்மாவும், சுவிஸிலிருந்து சித்தப்பாவும், லண்டனிலிருந்து மாமியும் வருவதற்கு ஒரு சாட்டு வேண்டும். ஊரும் வேலியும் ஒழுங்கையும் இல்லாதவனுக்கு மண்டபமே ஊர். தங்கள் சிறுவயதுப் பிறந்தநாட்களைப் பதுங்கு குழியிலும், 1995 ஒக்ரோபர் 30இல் தொடங்கிய அந்த இடப்பெயர்விலும் தொலைத்தவர்கள், தம் பிள்ளைக்காவது குறைவின்றிச் செய்ய வேண்டும் என்று துடிப்பதை எவரால் குறைசொல்ல முடியும்?

நான் குறைசொல்லவில்லை. கூடுவோம், கட்டாயம் கூடுவோம். கோடை விடுமுறையில் ஒரு பூங்காவில் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுகூடி இறைச்சி சுட்டு உண்ணலாம். ஆவணியில் கெவெலார் மாதா திருத்தலத்துக்கு ஜேர்மனியெங்கும் இருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் எம்மவர் ஆயிரக்கணக்கில் வருகின்றனர், சைவர்களும் வருகின்றனர், அங்கே எவரும் என்வலப் கொடுப்பதில்லை, ஆனால் பத்தாண்டு காணாதவர்களைக் கண்டு கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பெரியவர்களின் தனிமைக்குப் பெரியவர்களே வழி காண வேண்டும். அந்தத் தனிமையைச் சுமக்கும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றி, அதன் ஆண்டின் ஒரே நாளையும் எடுத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். தொலைந்துபோன எமது சிறுவயதுக்கு எங்கள் பிள்ளைகள் கடன்பட்டவர்கள் அல்லர்.

பண்பாடு பற்றியும் ஒரு சொல். மண்டபத்தில் தமிழ்ப் பண்பாடு வாழ்கிறது என்று சொல்வோர் அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று சற்றுச் செவிகொடுத்துக் கேட்கட்டும். ஜேர்மன் பிள்ளைகள் எவரும் இல்லாத அந்த இடத்திலும் அவர்கள் தமக்குள் ஜேர்மன்தான் பேசுகின்றனர். ஒலிபெருக்கியில் மட்டும் தமிழ்ச் சினிமா. இதைவிட, எங்கள் சின்ன வீட்டில் ஆறு வகுப்புப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருப்பதை எண்ணிப் பாருங்கள். தாய் ரோல்ஸும் வடையும் பொரிக்கிறாள். பயற்றம் பணியாரம் ஒரு தட்டில் இருக்கிறது. 'இது என்ன?' என்று ஒரு பிள்ளை கேட்கிறது. எங்கள் பிள்ளை அதன் பெயரைத் தமிழில் சொல்லி, சொல்லிக் கொடுக்கவும் செய்கிறது. சுவரிலுள்ள படத்தில் இருப்பவர் யார் என்று இன்னொரு பிள்ளை கேட்கும்போது, 'என் அப்பப்பா, கடலுக்குப் போறவர்' என்று பதில் சொல்ல, அதற்கு முதலில் தன் தகப்பனிடம் கேட்டறிய வேண்டியிருக்கும். வீட்டின் கறிமணத்துக்காகப் பாடசாலையில் கூச்சப்படும் பிள்ளைக்கு, அந்த மணத்துக்குள் தன் நண்பர்கள் வந்திருந்து உண்டு போனபின் கூச்சம் எங்கே நிற்கும்? மண்டபம் எமது வீட்டை மறைத்துவிடுகிறது. எம் வீடு எப்படிப்பட்டது என்று இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வரும் ஒரே வாசலையும் அது சாத்திவிடுகிறது.

வீடு சிறிது, ஜேர்மன் பேசத் தெரியாது, கீழ்வீட்டுக்காரர் சத்தத்துக்கு முறைப்பாடு செய்வார் என்ற அச்சங்களை நான் அறிவேன். மூன்று மணித்தியாலத்துக்குப் பேச வேண்டிய ஜேர்மன் அதிகமில்லை. எட்டு வயது மகளே மொழிபெயர்ப்பாள். கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு கேக் முதல்நாளே கொண்டுபோய்க் கொடுத்தால் அவருடைய காதும் சற்று மந்தமாகும்.

தாயகத்துக்கும் இந்த மண்டபத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் முடிக்க இயலாது. விழாவின் படப்பதிவு மூன்று மணித்தியால நீளத்தில் ஊரிலுள்ள அம்மம்மாவுக்குப் போய்ச் சேர்கிறது. அவர் அயலவர்களையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கிறார். அதில் பேரப்பிள்ளை நடக்கிறது, சிரிக்கிறது, கேக் ஊட்டுகிறது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. முழுவதற்கும் பின்னணியில் பாட்டு. பிறந்த அன்று காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புமுன் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசவைத்திருந்தால் போதும். குளிர்காலத்தில் நான்கரை மணித்தியாலம், கோடையில் மூன்றரை மணித்தியாலம் ஊர் முன்னே நிற்கிறது. இங்கே காலை ஏழு என்றால் அங்கே அம்மம்மா சமையல் முடித்து அமரும் நேரம். 'அம்மம்மா, எனக்கு ஆறு வயசு' என்ற நான்கு சொற்களைத் தமிழில் சொல்லப் பழக்குவதற்கு மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதைவிடக் கூடுதல் நாட்கள் எடுக்கும். அதனால்தானோ என்னவோ நாம் மண்டபத்தைத் தெரிவு செய்கிறோம்.

கடைசியாக ஒன்று. இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில் இது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியம். விழாவின் ஆடம்பரம் மனதை உறுத்தும்போது, வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் பிறந்தநாளன்று ஒருவேளை உணவு கொடுக்கப் பணம் அனுப்புகிறோம். நன்று. அந்தப் பணத்தில் பிள்ளைகள் இறைச்சியோடு சோறு உண்கின்றனர். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உண்பதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை முகநூலில் நாமே வெளியிடும் படங்கள் காட்டுகின்றன. தாயுமில்லை, தகப்பனுமில்லை என்ற பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். முன்னால் ஒரு பதாகை. அதில் ரொறன்ரோவிலோ டோட்முண்டிலோ வாழும் பிள்ளை ஒன்றின் சிரித்த முகமும், 'இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள்' என்ற எழுத்தும். தாம் ஒருநாளும் காணாத ஒரு பிள்ளைக்காக அவர்கள் பாடிக் கைதட்டிய பின்பே சோறு பரிமாறப்படுகிறது. அடுத்த வாரம் வேறொரு பதாகை, வேறொரு முகம், அதே பாட்டு. ஓர் ஆண்டில் எத்தனை பிறந்தநாட்கள் அந்தப் பிள்ளைகளின் முன்னே கொண்டாடப்படுகின்றன! அவர்களுடையவை எப்போது வந்து எப்போது போயின என்று பதாகை அச்சிட்டவர் கேட்டதுண்டா?

பங்குத் தந்தையரும் அருட்சகோதரியரும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். படம் எடுத்து அனுப்பாவிட்டால் அடுத்த மாதம் பணம் வராது என்ற அச்சம் அவர்களுக்கு உண்டென்பதை அறிவேன். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள். ஆகவே நாங்களே முதலில் எழுத வேண்டும்: படம் வேண்டாம், பதாகை வேண்டாம், பாட்டும் வேண்டாம், எங்கள் மகள் பிறந்த மாதத்தில் உங்கள் இல்லத்தில் பிறந்த பிள்ளைகள் யார், அவர்களுக்கு எத்தனை வயதாகிறது என்று மட்டும் எழுதியனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேக்கில் எழுதுவித்து, அந்தப் பிள்ளைக்கு அளவான சட்டையொன்று வாங்க எவ்வளவு தேவைப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லத்துப் பதிவேட்டில் பிறந்த திகதிகள் இருக்கின்றன. கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள்.